அபாயச் சங்கிலியை இழுப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பங்கள் தடாவிலிருந்து சூளூர்ப்பேட்டைக்கு இரயிலில் புறப்பட்டன. செங்காளம்மன் கோயிலுக்குச் சென்று வழிபட்டுத் திரும்புவது திட்டம். நாமும் உடன் சென்றோம். வண்டி அக்கம்பேட்டையைக் கடந்த சமயம், நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி, சன்னலுக்கு மேலே சிவப்பு நிறத்தில் இருந்த கைப்பிடியைச் சுட்டிக்காட்டினாள்.

“மாமா, அதை இழுத்தால் வண்டி நின்றுவிடுமா?”

“நின்றுவிடும், அம்மா. ஆனால் போதிய காரணமின்றி இழுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறையும் உண்டு” என்றோம். பயணச்சீட்டு விற்கும் குமாஸ்தாவிடம் கேட்டால் வேறு என்ன விடை வரும்?

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். சூளூர்ப்பேட்டை நிலையத்தில் இறங்கும் தறுவாயில் மீண்டும் கேட்டாள்: “ராக்கெட்டில் மனிதர்கள் போகப் போகிறார்களாமே, அவர்கள் எதை இழுப்பார்கள்?”

“ராக்கெட்டை நடுவழியில் நிறுத்த முடியாதே.”

“நிறுத்த முடியாவிட்டால் இறங்கிக் கொள்ளவாவது முடியுமா?”

இக்கேள்விக்கு அப்போது நாம் சரியான விடை கூறவில்லை. கோயிலில் கூட்டம் மிகுதி; பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆயினும் அன்றிரவு அக்கேள்வி நம்மை உறங்க விடவில்லை. அதற்குக் காரணம் ராக்கெட் மட்டும் அன்று. நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றும் அதனோடு சேர்ந்துகொண்டது. அதைப் பின்னர் கூறுவோம். முதலில் சிறுமிக்குக் கடன்பட்ட விடையைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் மெட்ரிக் வரை படித்தவர். விண்ணியல் கற்றவர் அல்லர். எனினும் தடாவில் குடியிருப்போர்க்கு ராக்கெட் அயலான பொருள் அன்று. பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி என்னும் சிறிய ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாக எழுந்தது. அன்று தொட்டு அங்கிருந்து சென்றவையெல்லாம் கருவிகளும் செயற்கைக்கோள்களுமே. இரயில்வே மொழியில் சொன்னால் எல்லாம் சரக்கு வண்டிகள். பயணி வண்டி விடுவதென்றால் ஏற்பாடே வேறு. சரக்கு கவிழ்ந்தால் பொருள் நட்டம். பயணி வண்டி கவிழ்ந்தால் திரும்பாத நட்டம். இதை நம் துறையில் புதிதாகச் சேர்ந்த கலாசியும் அறிவான்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் 2018 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையிலிருந்து அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் நான்கு விமானப்படை வீரர்களின் பெயர்கள் வெளியாயின. அவர்களுள் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையிற் பிறந்தவர். அவர்களுக்கான ராக்கெட்டில் பயன்படும் விகாஸ் எஞ்சினை நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள மகேந்திரகிரியில், 2021 சூலை 14 அன்று 240 விநாடிகள் இடைவிடாது எரித்துச் சோதித்தனர். எஞ்சினை எத்துணை சோதித்தாலும் அது என்றேனும் பழுதாகக்கூடும் என்று எண்ணி, அதற்கும் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியே சிறுமி கேட்ட அபாயச் சங்கிலி.

கோயில் கோபுரத்தின் மேல் கலசம் இருப்பதுபோல, வீரர்கள் அமரும் கூண்டின் உச்சியில் தப்பிப்புக் கோபுரம் ஒன்று பொருத்தப்படுகிறது. அதனுள் திட எரிபொருள் மோட்டார்கள் உள்ளன. கீழே உள்ள பெரிய ராக்கெட்டுக்கு இடர் நேர்ந்தால், இம்மோட்டார்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றி எரிந்து, வீரர்களின் கூண்டை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு மேலும் பக்கவாட்டிலும் பறந்துவிடும். பின்னர்க் கோபுரம் கழன்றுவிடக் கூண்டு பாராசூட்டில் கடலில் இறங்கும். பெரிய பாராசூட்டுகள் மூன்று. அவற்றுள் இரண்டு விரிந்தாலே போதும். மூன்றாவது, “ஒன்று விரியாமற் போனால்?” என்று எவரோ முன்னரே கேட்ட கேள்விக்கு விடை.

சரி, சங்கிலியை இழுப்பவர் யார்? வீரர்களா? பூமியில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளர்களா? அவர்களுக்கும் இழுக்க உரிமை உண்டு. ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்க நேரம் இல்லை. ராக்கெட் பழுதானால் தீ பரவுவது விநாடிக் கணக்கில். மனிதன் விளக்கைக் கண்டு, பொருள் உணர்ந்து, “மெய்தானா?” என்று ஐயுற்று, பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆதலால் ராக்கெட்டின் உடல்நிலையை ஓயாமல் கண்காணிக்கும் கணிப்பொறி அமைப்பு ஒன்றை வைக்கிறார்கள். அழுத்தம், வெப்பம், சாய்வு முதலியவற்றை உணரிகள் அதற்குத் தெரிவித்த வண்ணம் இருக்கும். குறித்து வைத்த எல்லையை அவை மீறினால் கணிப்பொறியே சங்கிலியை இழுத்துவிடும், எவரையும் கேளாது.

2018 சூலை 5 காலை 7 மணிக்கு இதன் முதற் சோதனை ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. ராக்கெட் ஏவுதளத்தில் நிற்கும்போதே இடர் நேர்ந்தால் என் செய்வது என்பதே சோதனை. ஏழு மோட்டார்கள் சேர்ந்து கூண்டை ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் உயரம் தூக்கிச் சென்றன, கூண்டு 2.9 கிலோமீட்டர் தொலைவில் கடலில் இறங்கியது. தொடக்கம் முதல் முடிவு வரை 259 விநாடிகள்.

இரண்டாவது சோதனையை நாமே கண்டோம். 2023 அக்டோபர் 21, சனிக்கிழமை, நவராத்திரிக் காலம். அன்று ராக்கெட் பறந்துகொண்டிருக்கும்போதே கூண்டைப் பிரித்தெடுப்பதாக ஏற்பாடு. சங்கத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றோம். வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. 8 மணி என்றனர், 8.30 என்றனர், 8.45 என்றனர். கைப்பேசியில் எண்ணிக்கை கேட்டது. பிள்ளைகளும் உரத்துச் சேர்ந்து எண்ணினர். ஐந்து என்றவுடன் எண்ணிக்கை நின்றுவிட்டது.

“புஸ்வாணம் ஆகிவிட்டது, ஐயா!” என்றார் அருகில் நின்ற பெரியவர் ஒருவர். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர். அன்று நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பானேன்?

நடந்தது என்ன தெரியுமோ? ஐந்து விநாடி இருக்கையில், எஞ்சினைப் பற்றிய குறிப்பு ஒன்று எதிர்பார்த்தபடி இல்லை என்று ஏவுதலைக் கவனிக்கும் கணிப்பொறி கண்டது, தானே நிறுத்திவிட்டது. நிறுத்து என்று எவரும் சொல்லவில்லை. ஆராய்ந்தபோது, கண்காணிப்பில் தோன்றிய ஒரு முரண்பாடே காரணம் என்று தெரிந்தது. அதைச் சரிசெய்து 10 மணிக்கு ஏவினர். ஏரிக்கு அப்பால் தீக்கீற்று ஒன்று ஓசையின்றி எழுந்து மேகத்துள் மறைந்தது. ஒலி நம் செவிக்கு எட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிப்புக் கோபுரம் கூண்டைப் பறித்துக்கொண்டு சென்றிருந்தது! பிறகு பாராசூட்டுகள் விரிந்தன. ஒன்பது நிமிடத்துக்குள் கூண்டு கரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர் அப்பால் கடலில் இறங்கிற்று, கடற்படையினர் மீட்டனர்.

அன்று நமக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. இடர் நம் காதுக்கு எட்டும் முன்பே அதற்குரிய செயல் முடிந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஐயம் தோன்றியபோது நின்றுவிடுவது தோல்வி அன்று என்பது மற்றொன்று.

பின்னதற்கு அதே ஸ்ரீஹரிகோட்டாவில் முன்னமே ஒரு சான்று உண்டு. 2001 மார்ச் 28 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் புறப்பட ஒரு விநாடியே இருந்தது, எஞ்சின்கள் பற்றிவிட்டன, தீயும் புகையும் எழுந்தன. பக்கத்து எஞ்சின்கள் நான்கனுள் ஒன்று உரிய விசையைத் தரவில்லை என்று கணிப்பொறி கண்டது. உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. மறுநாள் பலரும் வருந்தினர். ஆயினும் ராக்கெட் மேடையிலேயே பிழைத்து நின்றது. பழுது நீக்கி, 21 நாள் கழித்து ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட்டை ஏவினர்; அது பறந்தது.

பிற நாடுகளின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். 1983 செப்டம்பர் 26 இரவு, சோவியத் நாட்டின் பைக்கனூரில் தித்தோவ், ஸ்திரெக்கலோவ் என்னும் இரு வீரர்கள் ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்திருந்தனர். புறப்படச் சுமார் ஒன்றரை நிமிடம் இருக்கையில் அடியில் தீப்பற்றியது. கீழே நடப்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. கம்பிகள் எரிந்து போனமையால் வழக்கமான கட்டளை வழியும் அறுந்தது. வெவ்வேறு அறைகளில் இருந்த இரண்டு அலுவலர்கள், ஐந்து விநாடிக்குள் இருவரும் தத்தம் பொத்தானை அழுத்தினால்தான் தப்பிப்பு மோட்டார் எரியும் என்பது ஏற்பாடு. ஒருவர் தவறாக அழுத்திவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் வைத்த காவல் அது. இருவரும் உண்மையை உணர்ந்து அழுத்துவதற்குள் அரிய விநாடிகள் கழிந்தன. கூண்டு பறந்த சில விநாடிகளில் ராக்கெட் வெடித்து மேடையை அழித்தது. தம் எடையைப் போல் 14 முதல் 17 மடங்கு அழுத்தத்தைத் தாங்கி, வீரர்கள் சுமார் 4 கிலோமீட்டர் அப்பால் உயிரோடு இறங்கினர். இன்னும் சிறிது நேரம் ஐயுற்றிருந்தால் இருவரும் மாண்டிருப்பர்.

அதே பைக்கனூரில் 2018 அக்டோபர் 11 அன்று, ரஷ்யர் ஓவ்சினினும் அமெரிக்கர் ஹேகும் ஏறிச் சென்ற ராக்கெட் இரண்டு நிமிடத்தில் பழுதாயிற்று. பக்கத்து ராக்கெட் ஒன்று ஒழுங்காகப் பிரியவில்லை. பூட்டும்போது வளைந்துபோன ஒரு சிறு உணரி முள்ளே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. இம்முறை எவர் விரலுக்கும் காத்திராமல் கலமே முடிவு செய்தது. தப்பிப்புக் கோபுரம் அதற்குச் சற்று முன்னரே கழன்றுவிட்டிருந்தது. எனினும் அதன் பிறகும் இடர் வரலாம் என்று கருதி உறையின் மீது வேறு மோட்டார்கள் வைத்திருந்தனர். அவை கூண்டை இழுத்து விலக்கின. இருவரும் 20 நிமிடத்துக்குள் தரையில் இறங்கினர். ஐந்து மாதம் கழித்து, 2019 மார்ச் 14 அன்று, மீண்டும் ராக்கெட் ஏறி விண்வெளி நிலையத்தை அடைந்தனர்.

இத்தகைய வழியே இல்லாத கலமும் இருந்தது. 1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியது. ஏறும்போது தப்பிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஏழு பேரும் மாண்டனர்.

எந்திரம் தெய்வம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது அறிவற்றது, சொன்னதைச் செய்யும். 1960 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் ஆளில்லா மெர்க்குரி ராக்கெட் ஒன்று நான்கே அங்குலம் எழும்பி, எஞ்சின் அணைந்து மீண்டும் மேடையிலேயே அமர்ந்துவிட்டது. இரு மின்னிணைப்புகள் பிரிய வேண்டிய வரிசை மாறியதே காரணம். எஞ்சின் அணைந்ததைக் கண்ட எந்திரம், பயணம் நல்லபடி முடிந்ததாகக் கொண்டது. உடனே தப்பிப்புக் கோபுரம் மட்டும் தனியே பறந்து போயிற்று. கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்து தொங்கின. பந்தல் போட்டுப் பந்தி வைத்து மாப்பிள்ளையை மறந்த கதைதான்! எந்தக் குறி தோன்றினால் எச்செயல் என்று விதித்து வைப்பவன் மனிதனே. அவன் சிந்தனையில் குறை இருந்தால் அது எந்திரத்திலும் இருக்கும். தானியங்கி அமைப்பு என்பது, இடர் வராத நாளில் மனிதர் அமர்ந்து சிந்தித்து இடர் வரும் நாளுக்கெனச் சேர்த்து வைத்த அறிவேயன்றி வேறில்லை.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது புதிதன்று. பழைய கைகாட்டி மரத்தை அமைத்தவர்கள், இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால் கை தானாகவே ‘நில்’ என்னும் நிலைக்குத் திரும்புமாறு எடை கட்டி வைத்தார்கள். ஓடும் வண்டி நடுவே அறுந்தால் காற்றுக் குழாயும் அறுந்து, அழுத்தம் குறைந்து, இரு பாதியிலும் பிரேக்குகள் தாமே பிடித்துக்கொள்ளும். வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1872இல் கண்ட வழி அது. இன்றைய எஞ்சினில் ஓட்டுநர் சிறிது நேரம் எதையும் தொடாமல் இருந்துவிட்டால் விளக்கு எரியும், ஒலி எழும், அதற்கும் அவர் அசையாவிட்டால் வண்டி தானே நிற்கும். எதையும் செய்ய ஆளில்லாத நிலையில் வண்டி நிற்க வேண்டுமேயன்றி ஓடக்கூடாது என்று எவரோ முன்னரே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

இனித் தொலைவைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்க் கோளில் ஒரு கலம் இருந்தால், நாம் அனுப்பும் சொல் அதை அடைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். மிக அருகிலுள்ள விண்மீனுக்கோ நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். விண்மீன்களை நோக்கி மனிதர் செல்லும் கலம் இன்னும் எங்கும் கட்டப்படவில்லை. கட்டப்படுமாயின், அது தன் இடரைத் தானே தீர்த்துக்கொள்ளாமல் பூமியைக் கேட்டு நிற்க முடியாது.

இதற்கும் ஒரு மெய்யான சான்று உண்டு. 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2 என்னும் ஆளில்லாக் கலம் சூரியனின் ஆட்சி எல்லையையே தாண்டிவிட்டது. 2023 சூலை 21 அன்று பூமியிலிருந்து சென்ற தவறான கட்டளையால் அதன் ஆண்டெனா இரண்டு பாகை விலகிற்று, பேச்சு அறுந்தது. அப்போது அது ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சொல் ஒரு முறை சென்று சேர 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கான்பெராவிலுள்ள பெரிய நிலையத்திலிருந்து உரத்த குரலில் கட்டளை அனுப்பி ஆகஸ்டு 4 அன்று அதைத் திருப்பினர். ஒருவேளை அது கேளாமற் போயிருந்தாலும் அக்கலம் கெட்டிராது. ஆண்டில் சில முறை தானே பூமியின் திசையைத் தேடித் திரும்புமாறு அதற்கு முன்னரே சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த முறை அக்டோபர் 15. வீட்டை விட்டுத் தொலைவு செல்லும் பிள்ளைக்கு, “வழி தவறினால் இப்படிச் செய்” என்று புறப்படும்போதே சொல்லி அனுப்பிய தாயின் செயல் போன்றது இது.

வீட்டை விட்டுத் தொலைவு வந்தோர் என்றால் நாமும் அவர்களுள் அடங்குவோம் அன்றோ?

இப்போது, பின்னர் கூறுவதாகச் சொன்னதைக் கூறுகிறோம். சென்ற ஆண்டு தை மாதம் நம் தந்தையார் ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தார். அரிசி ஆலையில் நாற்பதாண்டு கணக்கு எழுதியவர்; நம் கையெழுத்து அவர் கற்றுக்கொடுத்தது. ஒரு நாள் இரவு நமக்குப் பணி. 10.15 மணிக்கு அவர் தண்ணீர் கேட்டார், சொல் குழறியது. செம்பை வாங்கும்போது வலக்கை தளர்ந்து செம்பு நழுவி விழுந்தது. நம் துணைவியார் உடனே நம்மை அழைத்தார். நம் கைப்பேசி வழக்கம்போல் ஓசை அடக்கப்பட்டு அலமாரியில் கிடந்தது. அவர் ஊரிலிருக்கும் நம் தமையனாரை அழைத்தார். அவர், “தம்பியைக் கேள், அம்மா, அவன் வரட்டும்” என்றார். மாமாவைக் கேட்டனர், அவர் சுடுநீர் ஒத்தடம் சொன்னார். பக்கத்து வீட்டார் 108ஐ அழைக்கலாமே என்றனர். “வீட்டுக்காரர் வராமல் நானாக எப்படி முடிவு செய்வது?” என்று நம் துணைவியார் தயங்கினார். நாம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது மணி 11.25.

பிறகு வண்டி வந்தது, முதலில் ஒரு மருத்துவமனை, அங்கிருந்து சென்னை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் இடத்தை அடைந்தபோது மணி 3.10. மருத்துவர் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?” என்பதே. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டுமாம். நாம் 25 நிமிடம் பிந்திவிட்டோம். ஒருவரை ஒருவர் கேட்பதில் கழிந்ததோ 70 நிமிடம்.

தந்தையார் பிழைத்தார். பேச்சும் பெரும்பாலும் திரும்பிற்று. வலக்கை திரும்பவில்லை.

நம் துணைவியார் இன்றுவரை அதைத் தம் குற்றம் என்றே எண்ணி வருந்துகிறார். அது அவர் குற்றம் அன்று, நம் குற்றம். வீட்டில் எல்லா முடிவும் நம்முடையது என்று பத்தாண்டாகப் பழக்கி வைத்தவர் நாம். இடர் இருந்த இடத்தில் அவர் இருந்தார். முடிவு செய்யும் உரிமையோ நாலு தெரு தள்ளி அலமாரியில் கிடந்தது. பைக்கனூரில் தனித்தனி அறைகளில் இருந்த அந்த இரு பொத்தான்களை நாம் நம் வீட்டிலேயே வைத்திருந்தோம். சிறுமியின் கேள்வி நம்மை உறங்க விடாத காரணம் இதுவே.

சங்கத்து அன்பர்களே, ஆண்கள் பகலிலும் இரவிலும் முறை வைத்து ஆலைக்குச் செல்கிறோம். பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் மொழி புதிதான தெருவில் தனித்திருக்கின்றனர். ஊரார் அருகில் இல்லை. ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள் எழுதி ஒட்டுமாறு வேண்டுகிறோம். அதில் எழுத வேண்டுவன சிலவே.

முதலாவது, குறி. முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், மார்பு வலி, மூச்சுத் திணறல், நினைவிழத்தல், குழந்தைக்கு வலிப்பு, தீ, பாம்புக்கடி: இவற்றுள் ஒன்று தோன்றினால் ஆலோசனை இல்லை, செயல்தான்.

இரண்டாவது, செயல். மருத்துவ ஊர்திக்கு 108. எவ்வகை அவசரத்துக்கும் 112. இரயிலில் சென்றால் 139. உறவினர்க்குச் சொல்வது வண்டியை அழைத்த பின்னர். குறி தோன்றிய மணியையும் குறித்து வைக்க வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

மூன்றாவது, ஆள். அருகில் இருப்பவர் எவரோ அவரே முடிவு செய்பவர். மருமகளாயினும், பத்து வயதுப் பிள்ளையாயினும் சரி. பின்னர் எவரும், “என்னைக் கேளாமல் ஏன் அழைத்தாய்?” என்று கேட்கமாட்டோம் என்று வீட்டுத் தலைவர் அத்தாளின் அடியில் கையொப்பம் இட வேண்டும். இதுவே மிக முக்கியம்.

நான்காவது, முகவரி. மாநில எல்லையில் வாழ்கிறோம். ஆகவே திருப்பதி மாவட்டம், தடா மண்டலம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். தெருவும் அடையாளமும் தமிழெழுத்தில் தெலுங்காக எழுதப்பட்டிருந்தால் பிள்ளையும் படித்துச் சொல்லிவிடும். “ஆம்புலன்ஸ் பம்பிஞ்சண்டி” என்ற இரு சொற்களையாவது அனைவரும் கற்க வேண்டும். அருகிலுள்ள தெலுங்குக் குடும்பம் ஒன்றன் எண்ணும், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்பதும் தாளில் இருக்கட்டும்.

“தவறாக அழைத்துவிட்டால்?” என்று சிலர் அஞ்சுவர். அபாயச் சங்கிலிச் சட்டமும் போதிய காரணமின்றி இழுப்பவரையே தண்டிக்கிறது. உண்மையாக அஞ்சி இழுத்தவரைத் தண்டிப்பதில்லை. ஐந்தாம் விநாடியில் நின்ற ராக்கெட் 10 மணிக்குப் பறந்தது. வீணாக வந்த வண்டியைத் திருப்பி அனுப்பலாம். கழிந்த 70 நிமிடத்தைத் திருப்ப இயலாது.

எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை ஒத்திகையும் வேண்டும். நம் வீட்டில் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்கின்றனர். மகன் தாத்தாவாக நடித்துச் செம்பை நழுவ விடுவான். மகள் ஓடிப்போய்த் தாளைப் பார்த்து முகவரி சொல்வாள். தாத்தா தவறு திருத்துவார். அத்தாளை எழுதியவரும் அவரே. இடக்கையால் எழுதக் கற்று முதன்முதலாக எழுதியது அது. எழுத்து சற்றுக் கோணல். ஆனால் எண்கள் தெளிவாக உள்ளன.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தன் தெருப்பெயரையும் அடையாளத்தையும் குறித்துக்கொண்டு வருக. தெலுங்கு அறிந்த அன்பர்கள் இருவர் எழுதித் தர இசைந்துள்ளனர். சிறுமியும் வருவாள். அவள் கேட்டதற்கு விடையை அப்போது நேரிலும் சொல்வோம்: இறங்க முடியும், அம்மா, இறங்கும் வழியை ஏறுமுன்பே செய்து வைத்திருக்கிறார்கள்.